விமானம் மாறுவோரைக் காஞ்சிக்கு வர விடுங்கள்

லண்டனிலோ பாரிஸிலோ வாழும் ஓர் ஈழத்தமிழ்க் குடும்பம் கல்யாணத்துக்காக யாழ்ப்பாணம் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் இறங்கினால் அங்கிருந்து தரைவழியில் ஏழெட்டு மணி நேரம். சென்னையில் விமானம் மாறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம். 2019 நவம்பரில் தொடங்கிய சென்னை - யாழ்ப்பாணம் சேவை கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பர் முதல் இண்டிகோவும் அந்த வழியில் பறக்கிறது. புலம்பெயர்ந்த தமிழர்கள் சொந்த ஊருக்குப் போகும் பாதையில் சென்னை இன்று ஒரு முக்கியமான சந்திப்பு.

ஆனால் ஐரோப்பாவிலிருந்து வரும் விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் மீனம்பாக்கத்தில் இறங்குகின்றன. யாழ்ப்பாணத்துக்குப் பகலில்தான் விமானம். அன்றைய விமானத்தில் இடம் கிடைக்காவிட்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் கூறைப்புடவை எடுக்க வேண்டிய காஞ்சிபுரம் அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். இந்திய விசா இல்லையென்றால் அவர்கள் விமான நிலையத்தின் வாசலைக்கூடத் தாண்ட முடியாது.

விதி இதுதான். அடுத்த விமானத்துக்கு உறுதியான டிக்கெட் இருந்தால் 24 மணி நேரம் வரை விமான நிலையத்துக்குள்ளேயே விசா இல்லாமல் இருக்கலாம். வெளியே வர டிரான்சிட் விசா வேண்டும். அதில் அதிகபட்சம் மூன்று நாள் தங்கலாம். ஆனால் புறப்படும் முன்பே இந்தியத் தூதரகம் வழியாக வாங்கியிருக்க வேண்டும். இங்கே இறங்கிய பின் கேட்டால் கிடையாது. இன்னொரு வழி இ-விசா. அதற்குக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். தாய் தந்தை பிறந்த ஊர், மதம், படிப்பு, உடலில் உள்ள அடையாளக் குறி, கடந்த பத்தாண்டுகளில் போன நாடுகள், இந்தியாவில் தெரிந்த ஒருவரின் முகவரி என்று அந்தப் படிவம் நீளும். ஒரு மாதம் ஊர் சுற்ற வருகிறவரிடம் இதையெல்லாம் கேட்பதில் நியாயம் உண்டு. ஒரு பகல் பொழுது காஞ்சிக்குப் போய்த் திரும்ப நினைப்பவர் இதைப் பார்த்ததுமே பேசாமல் கொழும்பு வழிக்கு டிக்கெட் போட்டுவிடுவார்.

தனித்தனி டிக்கெட்டில் வருகிறவர்களின் பாடு இன்னும் மோசம். பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கவே குடியேற்றச் சோதனையைத் தாண்டி வர வேண்டியிருப்பதால், விமானம் மாறுவதற்கே அவர்களுக்கு விசா தேவைப்படுகிறது.

மற்ற நாடுகள் இந்தக் காத்திருப்பு நேரத்தைப் பணமாகப் பார்க்கின்றன. ஐக்கிய அரபு அமீரகம் 48 மணி நேர டிரான்சிட் விசாவைக் கட்டணமின்றித் தருகிறது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா கையிலிருந்தால், வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இந்தியர்களைக்கூடச் சிங்கப்பூர் 96 மணி நேரம் உள்ளே விடுகிறது. குறைந்தது ஐந்தரை மணி நேரம் காத்திருக்கும் பயணிகளுக்குச் சாங்கி விமான நிலையம் இலவச ஊர் சுற்றுலாவே நடத்துகிறது. பாதுகாப்பில் யாருக்கும் சளைக்காத சீனா 2013இல் 72 மணி நேரத்தில் தொடங்கி, 2024 டிசம்பரில் அதை 240 மணி நேரமாக உயர்த்திவிட்டது. அதில் இடம்பெற்ற நாடுகளில் இந்தியா இல்லை என்பது வேறு விஷயம்.

விமானம் மாறுவோரை வெளியே விடுவதால் காஞ்சிக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்கு முன்னால் அரை மணி நேரம் நின்று பார்க்கட்டும். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். நெசவாளர் குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்க, பக்கத்தில் இன்னொருவர் இருந்து கரையின் நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுத்தபடியே இருப்பார். முந்தி வேறு நிறத்தில் வேண்டுமென்றால் பழைய பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். பிட்னி போடுவது என்று இதைச் சொல்கிறார்கள். பல ஆயிரம் இழைகள், விரல்தான் கருவி. அதை ஒரு முறை நேரில் பார்த்தவரிடம் விசைத்தறிப் புடவையைக் காஞ்சிப்பட்டு என்று சொல்லி விற்பது எளிதல்ல. 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு காகிதத்தில் தரும் பாதுகாப்பை, தறியைப் பார்த்த வாடிக்கையாளர் கடையில் தருகிறார். வெம்பிளியிலும் ஸ்கார்பரோவிலும் பட்டு வாங்கும் நம் மக்களில் எத்தனை பேருக்கு அந்த வாய்ப்பு கிடைத்திருக்கும்?

நேரத்தைக் கூட்டிக் கழித்தும் பார்த்துவிடுவோம். இறங்கி வெளியே வர ஒரு மணி நேரம், காஞ்சிக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து நெரிசலில் திரும்புவதற்கு இன்னும் கொஞ்சம் கூட, அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வந்தாக வேண்டும். எட்டரை மணி நேரம் இதிலேயே போய்விடும். கோயில்களோ நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். ஆகவே ஐந்தாறு மணி நேரம் காத்திருக்கும் பயணிக்குக் காஞ்சியைக் காட்டுகிறோம் என்று யாரும் ஆசை காட்டக் கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பவருக்கும், ஓர் இரவு தங்க நேர்பவருக்கும்தான் இது பயன்படும். ஓர் இரவு காஞ்சியிலேயே தங்கினால் காலையில் கைலாசநாதர் கோயிலில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்துச் சிற்பங்களைப் பார்க்கலாம், பட்டும் எடுக்கலாம். விடுதிக்காரர், ஆட்டோக்காரர், கூட்டுறவுச் சங்க விற்பனையகம் என்று பலர் கைக்கும் நாலு காசு போகும்.

இலங்கைக்குப் போகிறவர்கள் காஞ்சியில் தங்கிப் போவது புதிதும் அல்ல. ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் இங்கே வந்ததே இலங்கைக்குக் கடல் கடக்கும் எண்ணத்தில்தான். அங்கிருந்து வந்த பிக்குகள் நாட்டின் குழப்பத்தைச் சொன்னதால் அவர் போகவில்லை. காஞ்சியைப் பற்றி அவர் எழுதியது நிலைத்துவிட்டது.

பாதுகாப்பு என்ற பதில் உள்துறையிலிருந்து வரும். அந்தப் பதிலை நாம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் வெடித்தது கொழும்பு விமானத்துக்கென்று கொண்டுவந்த பெட்டி. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்காது. சென்னையிலிருந்து காஞ்சிக்குப் போகும் சாலை ராஜீவ் காந்தி நினைவிடத்தின் பக்கமாகத்தான் போகிறது. ஆனால் அந்த நாட்களில் விமானத்தில் யார் வருகிறார்கள் என்பது அது தரையிறங்கிய பிறகுதான் தெரியும். இன்று பயணிகளின் விவரத்தை விமான நிறுவனங்கள் முன்கூட்டியே இந்தியாவுக்கு அனுப்பியாக வேண்டும். இ-விசாவில் வருகிறவரின் கைரேகை பதிவாகிறது. போருக்குப் பின் இலங்கைக் குடிமக்களுக்கே 2015 ஏப்ரலில் இந்த மின்னணு வசதியை இந்தியா திறந்துவிட்டது. சந்தேகத்துக்கு உரியவரை நிறுத்தும் அதிகாரம் அதிகாரியிடம் இருக்கவே வேண்டும். எல்லோரையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே உட்கார வைப்பதால் அந்தச் சோதனை கூர்மையாகிவிடாது.

நம்மவருக்கு அவர்கள் கொடுத்தால்தான் அவர்களுக்கு நாம் கொடுப்போம் என்ற வாதமும் உண்டு. லண்டனில் விமானம் மாறும் இந்தியர் பலருக்கு, வெளியே வராவிட்டாலும் டிரான்சிட் விசா தேவை. அமெரிக்காவில் விமானம் மாறவே சி-1 விசா எடுக்க வேண்டும். இந்த அவமதிப்பை எதிர்த்துப் பேச வேண்டியது நம் அரசின் கடமை. அதற்காகக் காஞ்சி நெசவாளரின் வியாபாரத்தைப் பிணையாக வைப்பது சரியல்ல. நீண்ட காலம் தங்குவதற்கு ஈடுக்கு ஈடு பேசுங்கள். மூன்று நாளுக்கு அது வேண்டாம்.

சென்னையின் அடுத்த விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் வரப்போகிறது என்கிறார்கள். அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் அதை எதிர்த்து நிற்கிறார்கள். ஏரியும் வயலும் போகும் என்ற அவர்களின் அச்சம் நியாயமானது. அந்தப் போராட்டம் எப்படி முடிந்தாலும், வருகிற பயணி வெளியே கால் வைக்க முடியாத விமான நிலையத்தால் இந்த மாவட்டத்துக்குக் கிடைப்பது இரைச்சல் மட்டுமே.

நாம் கேட்பது புதிய விசா அல்ல. மூன்று நாள் டிரான்சிட் விசா ஏற்கெனவே விதியில் இருக்கிறது. ஜப்பானியர், தென்கொரியர், முன்பு இந்திய விசா பெற்ற அமீரகத்தவர் ஆகியோருக்குச் சென்னையில் இறங்கியதும் விசா தரும் கவுன்டரும் இருக்கிறது. அந்த மூன்று நாள் விசாவை, உறுதியான அடுத்த டிக்கெட் உள்ள, இ-விசாவுக்குத் தகுதியான நாட்டவருக்கு அதே கவுன்டரில் கொடுங்கள். விவரங்களை டிக்கெட் எடுக்கும்போதே ஒரே பக்கப் படிவத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 1920, 1939, 1946 ஆண்டுகளின் பழைய சட்டங்களைக் கழித்துவிட்டு 2025 செப்டம்பர் முதல் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்கீழ் ஓர் அறிவிக்கை போதும்.

மாநில அரசும் சும்மா இருக்கக் கூடாது. காஞ்சி - மாமல்லபுரம் ஒருநாள் சுற்றுலாவை நடத்தும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம், விமான நிலையத்திலிருந்தே புறப்பட்டுத் திரும்பும் ஒரு பேருந்தை விடட்டும். அதன் முதல் நிறுத்தம் தரகர் கடையாக இல்லாமல் கூட்டுறவுச் சங்கத்தின் தறிக்கூடமாக இருக்கட்டும். காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவரும் வரும் கூட்டத்தொடரிலேயே இதை உள்துறை அமைச்சகத்திடம் எழுப்ப வேண்டும்.