கனவை ஆளப் புறப்படுமுன்

"இது கனவுதான் என்று கனவுக்குள்ளேயே தெரிந்துகொள்ளப் பழகலாமாமே, டாக்டர்?" என்று புறநோயாளிப் பிரிவில் சிலர் கேட்கின்றனர். பழகலாம், இது கட்டுக்கதையன்று. கனவு மிகுந்த உறக்கத்தில் கண்களையும் மூச்சுத் தசையையும் தவிர, உடலின் தசைகள் பெரும்பாலும் செயலற்றிருக்கும். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆலன் வொர்ஸ்லி என்பவர், முன்பே பேசிவைத்தபடி, கனவுக்குள்ளிருந்தே கண்களை இடமும் வலமும் அசைத்தார். ஆய்வாளர் கீத் ஹெர்ன் அதைக் கருவியில் பதிவு செய்தார். பின்னர் அமெரிக்காவில் ஸ்டீபன் லபெர்ஜும் அவ்வாறே மெய்ப்பித்தார்.

ஐந்து மணி நேரம் உறங்கி எழுந்து, "அடுத்த கனவில் இது கனவென்று உணர்வேன்" என்று மனத்துள் உறுதிகொண்டு மீண்டும் உறங்குவதே பரவலான பயிற்சி. விடியலை நெருங்க நெருங்கக் கனவுறக்கம் நீளும் என்பதே இதன் அடிப்படை. கனவு கலையத் தொடங்கினால், கனவிலேயே கைகளைத் தேய்த்துக்கொண்டால் அது சற்று நீடிக்கும் என்பர்.

ஆனால் இதற்கு நாம் கொடுக்கும் விலை உறக்கம். வலிப்பு நோயாளிக்கு உறக்கக் குறைவே வலிப்பைத் தூண்டலாம். இருமுனைய மனநோய் உள்ளவருக்கு மிகையெழுச்சியை வரவழைக்கலாம். மெய்யையும் மாயத்தையும் பிரித்தறிவதில் இடர்ப்படுவோருக்கும் இப்பயிற்சி வேண்டாம். நோயாளியின் அருகில் ஏற்கெனவே இரவெல்லாம் விழித்திருக்கும் உறவினர், மேலும் ஓர் அலாரம் வைத்துக்கொள்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேட்பவர்களுள் பலரும் பறக்கும் இன்பத்தை நாடி வருவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பியபின் விடாது துரத்தும் கொடுங்கனவுக்கு அஞ்சியே வருகின்றனர். அவர்களுக்கு நான் முதலில் கூறுவது பகலில் செய்யும் எளிய பயிற்சியையே. அக்கனவை எழுதுங்கள், உங்களுக்கு விருப்பமானவாறு அதை மாற்றுங்கள், மாற்றிய கதையை நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். பல வாரங்கள் ஆகலாம். உறக்கம் ஒரு நிமிடமும் குறையாது. நினைக்கவே நடுங்கச் செய்யும் கனவாயின் தனியே முயலாமல் மனநல மருத்துவரின் துணையோடு தொடங்குங்கள்.

மருந்துச் சீட்டையும் கொண்டுவாருங்கள். புரோப்ரனலால் போன்ற சில மருந்துகளே கொடுங்கனவைத் தரக்கூடும். ஆயினும் நீங்களாக அவற்றை நிறுத்திவிடாதீர்கள். வீட்டிலுள்ள முதியவர் கனவில் கூச்சலிட்டுக் கைகால்களை வீசினால், அதை வயதின் இயல்பென்று விட்டுவிடாமல் அடுத்த வருகையிலேயே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை கட்டிலருகே கூரிய பொருள், கண்ணாடிக் குவளை எதுவும் வேண்டாம்.