இழைப்புளிக்குக் குலம் தெரியாது

மேசை இழுப்பறையின் மூலையைப் பார்த்திருக்கிறீர்களா தோழர்களே? நல்ல தச்சர் அங்கே ஆணி அடிப்பதில்லை. புறா வால் போல வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைக் கோர்ப்பார். உளி தீட்டுவதும், மரத்தின் ரேகை ஓடும் திசை பார்த்து இழைப்பதும் கை பழகி வருவது. இரத்தத்தில் வருவதல்ல.

2023 செப்டம்பரில் தொடங்கிய ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். தச்சு அதில் ஒன்று. கருவி வாங்க 15,000 ரூபாய், முதல் தவணையாக 1 லட்சம் கடன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பேசுவது குடும்ப வழித் தொழிலை. குரு-சிஷ்ய பரம்பரையை வலுப்படுத்துவதை நோக்கமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பரம்பரையில் சேரிப் பையன் எந்தப் பட்டறையில் சிஷ்யனாக இருந்தான்? மரம் சுமக்க நம் தோள் வேண்டும். உளி தொட்டால் மட்டும் தீட்டு!

1953இல் ராஜாஜி பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்றார். அடுத்த ஆண்டே காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது. 2024 நவம்பரில் விஸ்வகர்மாவை இந்த வடிவில் ஏற்க மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு சொன்னதும் சரியே.

அதற்காக, கைத்தொழிலே நமக்கு வேண்டாம் என்று நம்மில் சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நகரத்தில் ஐடி ஊழியர் கட்டணம் கட்டி வார இறுதியில் இழைப்புளி பிடிக்கிறார். அவரிடம் யாரும் குலத்தொழில் கேட்பதில்லையே! ஐடிஐ தச்சுப் பிரிவுகளில் இடங்களையும் நல்ல ஆசிரியர்களையும் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். துப்புரவுத் தொழிலாளியின் மகள் தேக்கில் நாற்காலி செய்யட்டும். ஆசாரி மகன் விரும்பினால் டாக்டருக்குப் படிக்கட்டும்.