நடத்துநர் கைக்கு ஒரு பட்டை

மாண்புமிகு தமிழ்நாடு போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

புதுப் பேருந்து வேண்டும், தடம் நீட்டிக்க வேண்டும், ஓய்வூதிய நிலுவை வேண்டும் என்று தங்கள் மேசைக்கு வரும் மனுக்களோடு இதைச் சேர்த்துவிட வேண்டாம். இது அரசுப் பேருந்தின் முதலுதவிப் பெட்டியைப் பற்றிய மடல்.

நான் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். லாரிச் சக்கரம் ஏறிய கால், படிக்கட்டிலிருந்து விழுந்து சிதைந்த கை என்று வருகிறவர்களுக்கு, வழியிலேயே யாரோ ஒருவர் ஏதோ ஒரு கட்டுப் போட்டுத்தான் அனுப்பியிருப்பார். தோளில் கிடந்த துண்டு, துப்பட்டா, சில நேரம் சணல் கயிறு. கட்டியவர் மனசில் குறை சொல்ல முடியாது. ஆனால் துண்டு சொதசொதவென்று நனைந்திருக்கும், ரத்தமும் நின்றிருக்காது.

ஏன் நிற்பதில்லை? லேப்பில் ரத்தம் எடுக்கும்போது மேல்கையில் ரப்பர் பட்டை கட்டுகிறார்களே, அதை நினைத்துப் பாருங்கள். இதயத்துக்குத் திரும்பிப் போகும் ரத்தத்தைத்தான் அந்தப் பட்டை மறிக்கிறது. இதயத்திலிருந்து கைக்கு வரும் தமனி அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. வந்தது திரும்ப வழியில்லாமல் தேங்குவதால்தான் நரம்பு புடைக்கிறது. தொடைத் தமனி அறுந்தவருக்குத் துண்டை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டால் நடப்பதும் இதுவே. சில நேரம் ரத்தப்போக்கு முன்னைவிடக் கூடிவிடும். தொடைச் சதையின் ஆழத்தில் ஓடும் தமனியை நசுக்கி மூட, கையால் இழுத்துக் கட்டினால் போதாது, முறுக்க வேண்டும்.

அந்த முறுக்குக்கென்றே உள்ள கருவிதான் டூர்னிகெட். ஏறக்குறைய நான்கு செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை, அதை முறுக்க ஒரு குச்சி, குச்சி திரும்பிவிடாமல் மாட்டி வைக்க ஒரு கொக்கி. காயத்துக்கு ஐந்து முதல் எட்டு செ.மீ. மேலே, முழங்கால், முழங்கை மூட்டின் மீது படாமல் சுற்றி இழுக்க வேண்டும். ரத்தம் நிற்கும்வரை குச்சியை முறுக்கி, மாட்டி, கட்டிய நேரத்தை அதிலேயே எழுதிவிட வேண்டும். அடிபட்டவர் வலியில் அலறுவார். அலறுகிறாரே என்று தளர்த்தினால் கட்டியது வீண். மருத்துவமனை சேரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. கழுத்திலும் வயிற்றிலும் இது பயன்படாது. சாதாரண வெட்டுக்கு இது தேவையே இல்லை; துணி வைத்து விடாமல் அழுத்தினால் போதும்.

நம் ஊர் வேடிக்கை ஒன்று உண்டு. பாம்பு கடித்தால் ஓடிப் போய் இறுக்கிக் கட்டுவோம். அங்கே கட்டவே கூடாது. கால் நசுங்கி ரத்தம் பீறிடும்போது கட்ட வேண்டும். அங்கே கைகட்டி நிற்போம்.

கட்டினால் காலையே எடுக்க வேண்டி வரும் என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. நான் படித்த காலத்தில் வேறு எந்த வழியும் இல்லாவிட்டால் மட்டுமே கட்டு என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஈராக் போர் அந்தப் பாடத்தை மாற்றியது. பாக்தாதில் அமெரிக்க ராணுவ மருத்துவமனைக்கு வந்த 232 பேரை வைத்து 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. ரத்தம் இழந்து நாடி விழுவதற்கு முன்பே டூர்னிகெட் கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். நாடி விழுந்த பிறகு கட்டப்பட்டவர்களில் பிழைத்தவர்கள் 10 சதவீதம். கட்டு ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டி யாருக்கும் கையோ காலோ எடுக்கப்படவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்துவிட்டால் கைகாலுக்குப் பெரும்பாலும் கேடில்லை என்பதே இன்றைய மருத்துவத்தின் நிலை.

பெரிய தமனி அறுந்தவருக்குச் சில நிமிடங்கள்தான் கணக்கு. 108 எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்த நிமிடங்களுக்குள் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். இறந்தவர்கள் 17,884 பேர். எல்லாரும் ரத்தம் போய் இறந்தவர்கள் இல்லை. தலைக்காயத்துக்கு டூர்னிகெட் என்ன செய்யும்? 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. அருமையான திட்டம், வந்து சேர்கிறவர்களுக்கு.

வந்து சேர வைக்கத் தங்களிடம் ஆள் இருக்கிறது. நடத்துநர் உரிமம் வாங்க முதலுதவிச் சான்றிதழ் கேட்கிறோம். எட்டுப் போக்குவரத்துக் கழகங்களின் ஏறக்குறைய 20,000 பேருந்துகளில், நெடுஞ்சாலையிலும் மலைப்பாதையிலும், சான்றிதழ் வாங்கிய ஒருவர் தோளில் பையோடு போய்க்கொண்டே இருக்கிறார். விபத்து நடந்த இடத்துக்கு முதலில் வந்து நிற்கும் வண்டி பல நேரங்களில் அரசுப் பேருந்துதான். ஆனால் அவருக்கு நாம் கொடுத்திருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? எஃப்.சி.க்குப் போகும் வாரத்தில் பஞ்சும் டிஞ்சரும் இருக்கும். மற்ற நாட்களில் பல வண்டிகளில் ஊதுபத்தியும் தீப்பெட்டியும் பழைய டிரிப் ஷீட்டும்தான்.

தொட்டால் கேஸ் வரும் என்று நடத்துநர்கள் தயங்குகிறார்கள். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134அ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது சிவில், கிரிமினல் நடவடிக்கை கூடாது என்கிறது. இதை டெப்போ அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டி வைக்க அரசுக்குச் செலவே இல்லை.

பட்டைக்குச் செலவு உண்டு. ஒன்று 2,500 ரூபாய் என்று வைத்தாலும் 20,000 பேருந்துக்கு 5 கோடி. பத்துப் பன்னிரண்டு புதுப் பேருந்து வாங்கும் பணம். இதில் ஒரு எச்சரிக்கை: அசலைப் போலவே தோன்றும் மலிவான போலிகள் சந்தையில் இருக்கின்றன. முறுக்கும்போது குச்சி வளைந்தோ ஒடிந்தோ போகும். விலை குறைவு என்ற ஒன்றையே பார்த்து டெண்டரை முடித்தால் அந்தப் போலிதான் நம் பேருந்துக்கு வரும். கொள்முதல் குழுவில் அவசரச் சிகிச்சை மருத்துவர் ஒருவரைச் சேர்த்து, மாதிரியை முறுக்கிப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

பயிற்சியும் கட்டாயம் வேண்டும். கட்டத் தெரியாதவர் கையில் பட்டை இருந்து பயனில்லை. நாள் முழுக்கத் தேவையில்லை, டெப்போவில் ஒரு காலை நேரம் போதும். படம் காட்டி முடித்துவிடாமல், ஒருவர் காலில் இன்னொருவர் கட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டுநர்களையும் உட்கார வையுங்கள். விபத்தில் பட்ட வண்டியின் ஓட்டுநர் காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 134ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. பயிற்சி தர மருத்துவக் கல்லூரிகளும் 108 ஊழியர்களும் இருக்கிறார்கள். என்னைப் போல ஓய்வு பெற்ற செவிலியர்களும் கூப்பிட்டால் வருவோம்.

துறையின் அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தின்போது தாங்கள் வாசிக்கும் அறிவிப்புகளில் இதையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டுகிறேன். எல்லாப் பேருந்துக்கும் ஒரே ஆண்டில் முடியாது என்றால், தொலைதூரப் பேருந்துகளிலும் மலைத்தடங்களிலும் முதலில் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு செவிலியர் ஒருவர்