பாட்டுக்கு வேலி எதற்கு?

அறிவைப் பகிர்ந்தவனைத் திருடன் என்றழைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அப்பம் பகிர்ந்தால் குறையும். பாட்டோ பகிரப் பகிரப் பெருகும். இரண்டுக்கும் ஒரே வேலி போடுவது எவ்வகை நீதி?

நம் அரியூருக்கு அண்மையிலுள்ள புதுவையில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியார் 1921-இல் மறைந்தார். பின்னர் அவருடைய பாடல்கள் வணிகப் பொருளாயின. இசைப்பதிவு உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. தமிழறிஞர்கள் குரலெழுப்ப, அவரும் இழப்பீடு கேளாது விட்டுக்கொடுக்க, 1949-இல் சென்னை அரசு உரிமையை ஏற்றது; 1955-இல் அதைப் பொதுமக்களுக்கே வழங்கியது. அன்றைய சட்டப்படியாயின் 1971 வரை காத்திருந்திருக்க வேண்டும். வேலி முன்னதாக அகன்றதால் பாரதி சிறுமையுற்றாரா? இல்லை, மலிவுப் பதிப்பாக ஏழையின் கைக்கும் வந்து சேர்ந்தார்.

ஆனால் 1992-இல், தாகூர் நூல்களின் உரிமைக்காலம் முடிந்த வேளையில், ஆசிரியர் மறைவுக்குப்பின் 50 ஆண்டு என்றிருந்ததை நம் நாடு 60 ஆக நீட்டியது. இறந்தவரை எந்தச் சட்டம் மீண்டும் எழுதத் தூண்டும்?

எழுதுபவனுக்குக் கூலி வேண்டாமா என்பர். வேண்டும். ஆனால் கூலி வேறு, பூட்டு வேறு. கணினி மென்பொருளைக் குறித்து ரிச்சர்டு ஸ்டால்மன் 1983 முதல் வலியுறுத்துவதும் இதுவே: பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் உரிமை வேண்டும், விற்பதை அவர் தடுக்கவில்லை.

ஆகவே பங்குகளிலும் பள்ளிகளிலும் திருட்டு நகலை நாடாது, பகிர இசையும் மென்பொருளையே தேர்வோம். நாம் இயற்றும் பாடல்களையும் பூட்டாமல் கொடுப்போம். பாடப்படாத பாட்டு யாருடைய சொத்தாயிருந்து என்ன பயன்?