சேந்துகிற தண்ணீருக்கு ஒரு கணக்கு இருந்தது

சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அறுபது வயதைக் கடந்த பெண்களுக்குத் தண்ணீர் எடுப்பது வேறு, சேந்துவது வேறு. குழாயிலிருந்தும் எடுக்கலாம், குடத்திலிருந்தும் எடுக்கலாம். சேந்துவதென்றால் கிணறுதான். வாளியைக் கீழே விட வேண்டும். அது தண்ணீரைத் தொட்டதும் கயிற்றை ஒரு வெட்டு வெட்டிச் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் வாளி மிதந்துகொண்டே கிடக்கும். நிறைந்ததும் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து, சிந்தாமல் சுவர்மேல் வாங்கி வைக்க வேண்டும். இத்தனை வேலையும் அந்த ஒரு வினைக்குள் அடங்கிவிடுகிறது. "ரெண்டு வாளி சேந்தியாந்து ஊத்து" என்றால் கேட்டவருக்கு நேரமும் தெரியும், உழைப்பும் தெரியும்.

கல்லூரிக்குப் போகிற பேத்திக்கோ அந்தச் சொல் 'சேர்ந்து' என்பதன் பேச்சு வடிவமாகத்தான் காதில் விழுகிறது. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் வீட்டில் கயிறும் இல்லை, உருளையும் இல்லை, சுவிட்ச் இருக்கிறது. "மோட்டாரைப் போடு" என்ற இரண்டு சொல்லில் தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏறிவிடுகிறது.

தண்ணீரை வெளியே கொண்டுவர இந்த மண்ணில் ஒரே வினை இருந்ததில்லை. பானைக்குள்ளிருந்தும் ஆற்றிலிருந்தும் மொள்ளுவார்கள். வசிஷ்ட நதி வற்றும் கோடையில் மணலில் ஊற்றுப் பறித்து, ஊறும் வரை காத்திருந்து, சிரட்டையால் மொண்டு குடத்தில் வார்ப்பார்கள். வயலுக்கு என்றால் இறைப்பார்கள். மாடுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட, சால் நிறைந்து மேலே வந்து வாய்க்காலில் கவிழும் கவலை இறைப்பு சேலம் சமவெளியின் வேளாண்மையையே தாங்கி நின்றது. 'இறை' என்ற சொல்லின் பிள்ளை இன்னமும் உயிரோடு இருக்கிறது: வேளாண்மைத் துறையின் கையேடுகள் இன்றும் 'இறவை', 'மானாவாரி' என்றுதான் பயிரைப் பிரிக்கின்றன. ஆத்தூர் வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு என்று வழங்கும் மரவள்ளி இரண்டு வகையிலும் விளைகிறது.

சேந்து என்பதைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது தவறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் அது இருக்கிறது. தெலுங்கில் கிணற்று நீரை இழுப்பது 'சேது', கன்னடத்தில் 'சேது'. கன்னடக்காரர்கள் பீடியின் புகையை இழுப்பதற்கும் அதே வினையைச் சொல்கிறார்கள். மூன்று மொழிகளும் ஒன்றாகப் புழங்கும் சேலம் மாவட்டத்தில், கிணற்றடியில் மட்டும் யாருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது. இவ்வளவு பழைய உறவுள்ள ஒரு சொல்லை நாகரிகம் கருதி 'எடு' என்று மாற்றி எழுதுவது எழுதுகிறவரின் வறுமை.

கயிறு அறுந்தால் வாளி கிணற்றோடு போகும். அதை மீட்கப் பாதாளக் கரண்டி என்றொரு கருவி இருந்தது. பாதாளக் கொலுசு என்றும் சொல்வார்கள். ஒரு வளையத்திலிருந்து கொக்கிகள் பல பக்கமும் தொங்கும். கயிற்றில் கட்டி இறக்கி அடித்தரையைத் துழாவினால் வாளியோ தவலையோ ஏதாவது ஒன்றில் மாட்டும். தெருவுக்கு ஒரு வீட்டில்தான் அது இருக்கும். இரவல் வாங்குகிறவர் ஒரு செம்பையாவது ஈடாக வைத்துவிட்டுப் போவது சில ஊர்களில் வழக்கம். விழுந்த வாளிக்குக்கூடக் கணக்கு வைத்திருந்த காலம் அது.

அந்தக் காலத்தை ஏக்கத்தோடு மட்டும் பார்ப்பது நேர்மையாகாது. சேந்துவது பெண்களின் வேலையாக இருந்தது. விடியுமுன் தொடங்கி தோளையும் இடுப்பையும் தேய்த்த வேலை. அதைவிடக் கொடியது, யார் சேந்தலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. ஒதுக்கப்பட்ட மக்கள் ஊர்க்கிணற்றின் கயிற்றைத் தொட முடியாமல், யாராவது சேந்தி ஊற்றுவார்கள் என்று குடத்தோடு காத்து நின்றார்கள். பொதுச் சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் அவர்களுக்கு உள்ள உரிமையை 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. அம்பேத்கர் தலைமையில் உருவான அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு, கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுக்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் கிணறு இடம்பெற நேர்ந்ததென்றால் அந்தக் கயிற்றடியில் எவ்வளவு அவமானம் நடந்திருக்க வேண்டும்! வீட்டுக்கு வீடு குழாய் வந்தது அந்த வகையில் ஒரு விடுதலை. அந்த விடுதலையை யாரும் திருப்பிக் கொடுக்கச் சொல்ல முடியாது.

கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. சேந்தியவர்களுக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. மாசியில் கயிறு போதவில்லை, இரண்டு முழம் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது என்றால் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது என்று பொருள். அதைச் சொல்ல எந்த அலுவலரும் வர வேண்டியதில்லை. கயிறே அளவுகோலாக இருந்தது. இன்று ஆழ்துளைக் கிணற்றின் இரும்பு மூடிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று அதை வைத்திருப்பவருக்கே தெரியாது. மோட்டார் காற்றைத் துப்பும் நாளில்தான் தெரிகிறது.

பள்ளி இயற்பியலைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து லிட்டர் வாளியை 40 அடி ஆழத்திலிருந்து மேலே கொண்டுவர ஏறத்தாழ 1,200 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். மோட்டாரிலும் குழாயிலும் பாதி வீணாகிறது என்று கழித்தாலும், ஒரே யூனிட்டில் 1,500 வாளி வந்துவிடும். அதே யூனிட்டைக் கொண்டு ஆயிரம் அடியிலிருந்து தூக்கினால் வருவது சுமார் 60 வாளி. ஆயிரம் அடி போர் சேலம் மாவட்டத்தில் இன்று யாரையும் வியக்க வைப்பதில்லை. வேளாண்மைக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இந்த வித்தியாசம் உழவரின் கண்ணில் படுவதில்லை. மின்வாரியத்தின் கணக்கிலும் நிலத்தின் கணக்கிலும் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இலவச மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்பதல்ல வாதம். விலையில்லாத பொருளாயினும் அளவு தெரிய வேண்டும் என்பதே.

ஆத்தூர்ப் பகுதி கடினப் பாறைப் பூமி. மேலே உள்ள சிதைந்த அடுக்கிலும், கீழே பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். திறந்த கிணறு அந்த மேலடுக்கின் ஊற்றை வாங்கிச் சேர்த்துவைக்கும் தொட்டி. மழைக்குப் பிறகு அது நிரம்புவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆழ்துளைக் கிணறு வெடிப்பைத் தேடிப் போகிறது. அங்கே போய்ச் சேரும் மழைநீருக்குக் காலம் பிடிக்கும். ஓராண்டில் ஊறுவதைவிட அதிகமாக எடுக்கப்படும் பகுதிகளை அரசு 'அதிநுகர்வு' என்று வகைப்படுத்துகிறது. சேலம் மாவட்டத்தின் பல பகுதிகள் அந்த வகையில் இருக்கின்றன. 2003-ல் நிலத்தடி நீருக்கென்று தமிழக அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அது நடைமுறைக்கே வராமல் 2013-ல் திரும்பப் பெறப்பட்டது.

சட்டம் வரும் வரை ஊர் சும்மா இருக்க வேண்டியதில்லை. முதலில், ஊர்ப் பொதுச் சேந்துகிணறுகளைக் குப்பைக் குழியாக்குவதை ஊராட்சிகள் நிறுத்த வேண்டும். தூர் வாரி, மேலே கம்பி வலை போட்டு, பள்ளிக்கூடக் கூரையின் மழைநீரை வடிகட்டி உள்ளே விட்டால் அந்தக் கிணறே நிலத்துக்குள் நீரை இறக்கும் வழியாகும். மண்ணைக் கொட்டி மூடிய கிணற்றை மீட்க ஆகும் செலவில் நான்கைந்து கிணறுகளுக்கு வலை போட்டுவிடலாம்.

இரண்டாவது, அளப்பது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஆண்டுக்கு நான்கு முறை எடுக்கிறது. அந்த எண்கள் அறிக்கைகளுக்குள் போய்விடுகின்றன. குச்சிக்கிழங்கு நடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பெத்தநாயக்கன்பாளையத்து உழவரின் வாசலுக்கு வருவதில்லை. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல்நாள் ஊர்ப் பொதுக் கிணற்றில் கயிறு விட்டு ஆழத்தை அளந்து, கூட்டத்தில் வாசித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் தேதியோடு எழுதிப் போட வேண்டும். அளக்கிற வேலையை, கயிற்றின் நீளத்தை வைத்தே கோடையைக் கணித்த பெண்களிடம் கொடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகளை உடன் அனுப்பலாம். இதற்கு அரசாணை தேவையில்லை, ஒரு கிராம சபைத் தீர்மானம் போதும். தலைவாசலிலும் கெங்கவல்லியிலும் அடுத்த கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.