லக் இருக்கட்டும், கணக்கைக் காட்டுங்கோ

ஒன்லைன் கேமில் புது ஈவென்ட் வந்தால் கதை ஒண்டுதான். ஒருத்தருக்கு முதல் ஸ்பின்னிலேயே ஸ்கின் விழும். இன்னொருத்தர் காசு முழுக்கக் கரைச்சும் வெறுங்கை. 'அவனுக்கு லக்' எண்டு சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அதிர்ஷ்டமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. லூடோவிலும் அதிர்ஷ்டம்தான், ஆனால் கட்டை எல்லாரின்ர கண்ணுக்கு முன்னாலயும் கிடக்கு. ஸ்பின்னில் அப்படியில்லை.

வாய்ப்பு 1 சதவீதம் எண்டால் 100 தரம் சுத்தினால் கட்டாயம் விழும் என்று பலர் நம்புகிறோம். பிழை. 100 பேர் ஆளுக்கு 100 தரம் சுத்தினாலும், சராசரியாக 37 பேருக்கு அது விழாது. எல்லை வைக்காவிட்டால் 200ஆவது தரத்திலும் அதே 1 சதவீதம்தான்.

எல்லை வைக்க ஏலாததும் இல்லை. கென்ஷின் இம்பாக்ட்டில் ஐந்து நட்சத்திரப் பாத்திரத்துக்கு அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், ஆனால் 90 தரத்துக்குள் ஏதோ ஒரு ஐந்து நட்சத்திரம் நிச்சயம். விரும்பியதுதான் வரும் என்றில்லை, ஆனாலும் எவ்வளவு போகும் எண்டு முன்கூட்டியே தெரியும்.

காசுக்குத் திறக்கும் லூட் பாக்ஸை 2018இல் பெல்ஜியம் சூதாட்டம் என்றே சொன்னது. வாய்ப்பையும் எல்லையையும் எழுதிக் காட்டாமல் காசு வாங்கும் ஈவென்ட், பரிசு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு விக்கிற லொத்தர்.