குரைத்தால் ஷாக்

மும்பை ஹவுசிங் சொசைட்டியிலிருந்து இரண்டாவது நோட்டீஸ் வந்ததும்தான் பலர் நாய்க்கு எலெக்ட்ரானிக் பட்டை தேடிக் கடை ஏறுகிறார்கள். ரிமோட்டை நீங்கள் அழுத்தினால் வேலை செய்வது ஒரு ரகம். குரைத்ததும் தானாகவே ஷாக் கொடுப்பது இன்னொன்று. ஏமாறுவது இதில்தான். வெறும் மைக் வைத்த பட்டைக்குக் குரல் அடையாளம் தெரியாது. தெருநாய் குரைத்தாலும் தண்டனை உங்கள் நாய்க்கு. (தெருநாய் குரைக்காத இரவு நம் ஊர்களில் ஏது?) தொண்டையின் அதிர்வை உணரும் ரகத்தில் இந்தத் தவறு குறைவு. ஷாக்குக்குப் பதில் சிட்ரோனெல்லா வாசனையைப் பீச்சுவதும் உண்டு. நாள் முழுக்க மாட்டிவைத்தால் ஷாக் பட்டையின் உலோக முனைகள் உறுத்திக் கழுத்து புண்ணாகும்.

வேல்ஸில் 2010 முதல் ஷாக் பட்டைக்குத் தடை. நம் 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டமும் தேவையில்லாமல் வலி கொடுப்பதைக் குற்றம் என்கிறது.

என்னைக் கேட்டால், பர்ஸைத் திறப்பதற்கு முன் ஒரு நாள் பழைய செல்போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு வெளியே போய் வாருங்கள். நீங்கள் கிளம்பியதும் ஊளையிட்டால் அது தனிமை பயம். ஷாக் அதை இன்னும் கூட்டும். லிஃப்ட் கதவுச் சத்தத்துக்குத்தான் என்றால், படுக்கையை உள்ளறைக்கு மாற்றிப் பாருங்கள். செலவே இல்லை.